'ஆ லா கார்ட்' என்பது சாப்பாட்டின் பெயரா?

கேள்வி: அலுவலக வேலையாக ஐந்து நாள் பாரிஸ் போகிறேன். தங்கப்போகும் ஹோட்டலின் மெயிலில், "காலை பஃபே அறைக் கட்டணத்தில் சேரும், இரவு உணவு ஆ லா கார்ட்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். இது ஏதாவது பிரெஞ்சு உணவு வகையா? நான் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: தனியாகத்தான் கட்ட வேண்டும். ஆ லா கார்ட் என்பது உணவு வகை இல்லை, பில் போடும் முறை. 'அட்டையில் உள்ளபடி' என்பது நேர்ப்பொருள். அட்டையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே ஒரு விலை இருக்கும். நீங்கள் எதைக் கேட்டீர்களோ அதற்கு மட்டும் கணக்கு. சூப் மட்டும் குடித்துவிட்டு எழுந்தாலும் சரி, சூப்புக்கு மட்டும்தான் பில்.

இதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். 2019-ல் கேபிள், டிடிஎச் கட்டண முறை மாறியபோது, சேனல்களை 'பொக்கே'வாக வாங்கலாம் அல்லது 'ஆ லா கார்ட்' முறையில் ஒவ்வொன்றாக வாங்கலாம் என்றது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். இரண்டுமே பிரெஞ்சுச் சொற்கள்தான். பொக்கே என்றால் பூங்கொத்து. கட்டாக வாங்குவதா, உதிரியாக வாங்குவதா என்பதுதான் வித்தியாசம். சாப்பாட்டு மேசையிலும் கதை அதேதான்.

எதற்கு எதிராக இந்தச் சொல் பிறந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். பழைய பிரான்சில் சத்திரத்தில் தங்கும் பயணிக்குத் தேர்வு என்பதே கிடையாது. குறித்த நேரத்தில் ஒரே நீள மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார வேண்டும். அன்று என்ன சமைத்தார்களோ அதுதான். எவ்வளவு சாப்பிட்டாலும் ஒரே விலை. தட்டு கைக்கு எட்டும் இடத்தில் உட்கார்ந்தவன் பாக்கியசாலி. இதன் பெயர் 'தாப்ல் தோத்', அதாவது விருந்தளிப்பவரின் மேசை. அதில் வரும் 'ஓத்' என்ற சொல் ஒரு வேடிக்கை. பிரெஞ்சில் அது விருந்தளிப்பவரையும் குறிக்கும், விருந்தாளியையும் குறிக்கும். நாம் 'விருந்து' என்ற ஒரே சொல்லால் வந்தவரையும் அவருக்குப் போடும் சாப்பாட்டையும் சொல்வது போல.

1760-களில் பாரிஸில் வேறு வகைக் கடை ஒன்று தோன்றியது. உடம்பு தேறுவதற்கான இறைச்சி ரசத்துக்கு அப்போது 'ரெஸ்தோரான்' என்று பெயர். நோஞ்சான்களுக்கு அதை விற்ற கடைக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தேறவேண்டிய உடம்பு ஆளுக்கு ஆள் வேறு அல்லவா? அதனால் தனித்தனி மேசை, வேண்டிய நேரத்தில் வரலாம், வேண்டியதைக் கேட்கலாம். கேட்பதற்குப் பட்டியல் வேண்டும், பட்டியலுக்கு விலை வேண்டும். அந்தப் பட்டியல்தான் 'கார்ட்'. பிரெஞ்சுப் புரட்சியில் வேலை போன அரண்மனைச் சமையல்காரர்கள்தான் ரெஸ்டாரண்டை உண்டாக்கினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. 1789-க்கு முன்பே கடைகள் இருந்தன. புரட்சி அவற்றைப் பெருக்கியது. 'கார்ட்' என்ற சொல்லோ இன்னும் பழையது. கிரேக்கத்தில் பாப்பிரஸ் தாளைக் குறித்த சொல் லத்தீன் வழியாக வந்து இப்படி ஆனது. நம் ரேஷன் கார்டும் அதே குடும்பம்.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். பாரிஸில் நம்மவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. விலைப்பட்டியலை நாம் 'மெனு' என்கிறோம். பிரெஞ்சுக்காரருக்கு 'மெனு' என்றால் ஒரே விலையில் இரண்டு மூன்று பண்டங்கள் சேர்ந்த செட் சாப்பாடு. பட்டியல் வேண்டுமானால் 'லா கார்ட்' என்றுதான் கேட்க வேண்டும். மதியம் பல கடைகளில் 'ஃபார்முல்' என்று இன்னும் சிறிய செட் கிடைக்கும். தனித்தனியாகக் கேட்பதைவிட இது பெரும்பாலும் மலிவு. என்னைக் கேட்டால் மதியம் செட், இரவு பசியைப் பார்த்து ஆ லா கார்ட்.

'ஆந்த்ரே' என்பதிலும் கவனம். பிரான்சில் அது முதலில் வரும் சிறு பண்டம். அமெரிக்காவில் அதே சொல் முக்கிய உணவைக் குறிக்கும். அமெரிக்கப் பழக்கத்தில் ஆந்த்ரே மட்டும் சொல்லிவிட்டால் அரை வயிறுதான் நிரம்பும். முக்கிய உணவுக்கு 'ப்ளா' என்று பார்த்துக் கேளுங்கள்.

ஆ லா கார்ட் என்றதும் ரொட்டிக்கும் தண்ணீருக்கும்கூடத் தனி பில் வருமோ என்று பயப்பட வேண்டாம். பிரான்சில் சாப்பாட்டோடு வரும் ரொட்டியும் குழாய்த் தண்ணீரும் விலையில் அடக்கம். 'ஊன் கராஃப் தோ' என்று கேட்டால் ஜாடியில் கொண்டுவந்து வைப்பார்கள். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வரும், அதற்குக் காசு உண்டு. சர்வீஸ் கட்டணமும் போட்டிருக்கும் விலையிலேயே சேர்ந்தது. டிப்ஸ் உங்கள் இஷ்டம்.

உச்சரிப்பைப் பொறுத்தவரை, 'கார்ட்டே' என்று நீட்ட வேண்டாம். பிரெஞ்சில் carte என்று எழுதினாலும் கடைசி e-க்கு ஒலி இல்லை. 'கார்ட்' என்று நிறுத்தினால் போதும்.

அப்புறம், இரவுச் சாப்பாட்டை 'அறைக் கணக்கில் எழுதட்டுமா' என்று கேட்பார்கள். உங்கள் அலுவலகம் அறைக்கும் காலை உணவுக்கும் மட்டும்தான் ஒப்புக்கொண்டிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் அங்கேயே கார்டில் கட்டிவிட்டு, பண்டவாரியாக விலை போட்ட பில்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கார்டு மெஷினில் வரும் துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். அதைப் பல கம்பெனிகளின் கணக்குப் பிரிவு ஏற்பதில்லை.