ரோமானிய வெள்ளிக் காசுகள்: படங்களைப் படிப்பது எப்படி?

கேள்வி: தினாரியஸ் என்னும் பழைய ரோமானிய வெள்ளிக் காசில் ஈட்டியோடு பாய்ந்து வரும் குதிரைவீரர்கள் யார்?

பதில்: காஸ்டர், போலக்ஸ் என்னும் தெய்வ இரட்டையர். தலைக்கு மேலே நட்சத்திரங்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ரெகில்லஸ் ஏரிப் போரில் ரோமானியருக்குத் துணை வந்தவர்கள் என்பது ஐதீகம். தினாரியஸ் பிறந்ததே கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹன்னிபாலுடன் போர் நடந்த கி.மு. 211 வாக்கில், தெய்வத்துணை எங்கள் பக்கம் என்று சொல்ல வேண்டிய காலம்.

கேள்வி: புரூட்டஸ் காசில் இரண்டு கத்திகளுக்கு நடுவே தொப்பி எதற்கு ஐயா?

பதில்: அது விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய். கீழே உள்ள லத்தீன் எழுத்துகள் மார்ச் 15-ஐக் குறிக்கும்; கி.மு. 44-இல் சீசரைக் குத்திக் கொன்ற நாள். கொன்றவரே தேதியைப் பொறித்துத் தம் படையினருக்குச் சம்பளமாகக் கொடுத்திருக்கிறார், என்ன துணிச்சல்! ரோமை அடிமைத்தனத்திலிருந்து மீட்டோம் என்பது அவர் வாதம். கத்திகளின் பிடிகளை உற்றுப் பாருங்கள், ஒன்று போல் மற்றொன்று இராது. ஒன்று புரூட்டஸுடையது, மற்றது கொலையில் அவர் கூட்டாளியான காசியஸுடையது என்பார்கள். ஆனால் வேடிக்கை முன்பக்கத்தில்தான். ரோம் அக்கசாலையில் (காசு அச்சிடும் இடத்தில்) உயிரோடு இருக்கும்போதே தன் முகத்தைக் காசில் ஏற்றிய முதல் ரோமானியர் சீசர். மன்னராகிவிடுவார் என்று அஞ்சி அவரைக் கொன்ற புரூட்டஸும் காசின் முன்பக்கத்தில் தன் முகத்தைப் பொறித்துக்கொண்டார்!

கேள்வி: சீசரின் காசில் யானை மிதிப்பது பாம்பையா?

பதில்: பாம்பு என்பார் உண்டு, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டவரின் போர்க்கொம்பு என்பாரும் உண்டு. மறுபக்கத்தில் இருப்பவை பூசைக் கருவிகள். சீசர் தலைமைப் பூசாரி.

கேள்வி: கோவை வட்டாரப் புதையல்களில், கேடயங்களோடு நிற்கும் இருவர் படம் அடிக்கடி வருகிறதே?

பதில்: ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் பேரன்கள் கையஸும் லூசியஸும். அகஸ்டஸ் அவர்களைத் தத்தெடுத்து வாரிசாக்கினார். பிரான்ஸில் உள்ள இன்றைய லியோன் நகரில் அச்சான காசு இது. லூசியஸ் கி.பி. 2-இலும் கையஸ் 4-இலும் இறந்துபோக, அரியணை திபேரியஸுக்குப் போயிற்று. அவர் காசும் அதே புதையல்களில் ஏராளம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு குடம் கிடைத்தால்?

பதில்: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும், 1878-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குள் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.