மாமியின் தறப்பாளை எங்கே வைப்பது?

கேள்வி: அக்கா, எங்கள் வீடு கிளிநொச்சி உருத்திரபுரத்தில் இருக்கிறது. இரண்டு அறையும் விறாந்தையும் குசினியும் உள்ள வீட்டுத்திட்ட வீடு. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி என்று ஐந்து பேர். மூத்தவள் அடுத்த வருஷம் ஓ.எல். சோதனை எடுக்கப் போகிறாள். அவளுக்கு இருந்து படிக்க ஒரு மூலைகூட இல்லை. இரண்டாவது அறை முழுக்க மாமியின் சாமான்தான். மடித்து வைத்த தறப்பாள்கள், பால்மாப் பேணிகள், ஐஸ்கிறீம் பெட்டிகள், உரப்பைகள், கனடாவிலிருந்து மச்சாள் கொண்டுவந்த கம்பளிகள், கால் உடைந்த பிளாஸ்ரிக் கதிரைகள். வீட்டுக்குப் பின்னால் பழைய தகரம் குவிந்து கிடக்கிறது. போன மாதம் பொறுக்க முடியாமல் கொஞ்சப் பேணிகளை எடுத்துக் குப்பைக் கிடங்கில் போட்டேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கி, கிணற்றடியில் கழுவி, திரும்ப அடுக்கினார். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. கணவரிடம் சொன்னால் "அம்மாவோட இதைப் பற்றிக் கதைக்காதை" என்கிறார். மாமியிடம் ஒரு ட்ரங்குப் பெட்டியும் இருக்கிறது. காணாமல் போன என் மைத்துனரின் உடுப்பும் கடுதாசிகளும் அதற்குள் இருக்கின்றன. அதன் அடியில் இப்போது கறையான் ஏறியிருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
உருத்திரபுரம் வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்று. அந்தப் பேணிகளுக்காக மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "கேட்காமல் எறிந்துவிட்டேன் மாமி, இனிக் கேட்காமல் தொடமாட்டேன்" என்றால் போதும். இதைச் சொல்லாமல் தொடங்கினால் இனி நீங்கள் விளக்குமாற்றைத் தூக்கினாலே அவருக்கு நெஞ்சு இடிக்கும்.

உங்கள் ஊர்க்காரருக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உருத்திரபுரத்தில் வயதான ஆட்கள் பலர் சண்டையால் 1996இல் ஒருமுறை வீட்டை விட்டார்கள். 2008இல் மறுபடி விட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடமாக இறங்கி இறங்கிப் போய், கடைசியில் செட்டிகுளம் முகாம். மெனிக்பாம் என்ற அந்த முகாம் மூடியது 2012 செப்டெம்பரில். அங்கே ஒரு தறப்பாள் கூடுதலாக இருந்த குடும்பம் வசதியான குடும்பம். வெறும் பேணிதான் தேத்தண்ணிக் கோப்பை, அரிசி அளக்கிற சுண்டு, பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கிற செம்பு, எல்லாம். மாமி அந்தப் பேணிகளைக் கழுவி அடுக்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்டதையும் குவிக்கிற ஆள் கழுவமாட்டார். அவர் வைத்திருப்பது ஒரு இருப்பு, கணக்கோடு வைத்திருக்கிறார்.

வீட்டைத் துப்புரவாக்கச் சொல்லித்தரும் வீடியோக்களில் "ஒரு வருஷமாகத் தொடாத சாமானை எறியுங்கள்" என்பார்கள். வன்னியில் இந்த விதி செல்லாது. தறப்பாளைப் பத்து வருஷம் தொடாமல் இருந்தால் அது நல்ல காலம் என்றுதான் அர்த்தம். அதனால் எவ்வளவு எறியலாம் என்று பார்க்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு கதிரை, புத்தகத் தட்டு, யன்னல் வெளிச்சம். அவ்வளவு இடத்தை மட்டும் கேளுங்கள். அறை முழுவதையும் கேட்டால் கிடைக்காது.

இன்னொன்று, பிழை பாதி வீட்டின் மேலும் இருக்கிறது. இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாவுக்குக் கட்டின வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு அறை, விறாந்தை, குசினி. சாமான் வைக்கத் தனி அறை கிடையாது. நெல்லுச் செய்கிற குடும்பத்துக்கு மூட்டை, சாக்கு, மண்வெட்டி, மருந்தடிக்கிற தாங்கி எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். முந்தி வளவுக்குள் தனிக் கொட்டில் இருந்தது. இப்போது அது இல்லாததால் எல்லாம் படுக்கை அறைக்குள் ஏறிவிட்டது.

ஆகவே கொட்டிலைப் போடுங்கள். தகரம்தான் பின்னால் கிடக்கிறதே. நாலு தூணை நட்டு, மூன்று பக்கம் அடைத்து, முன்னால் ஒரு கதவு. மரத்தூண் என்றால் மண்ணுக்குள் போகிற பகுதிக்குக் கழிவு ஒயில் பூசுங்கள், இல்லாவிட்டால் கறையான் கெதியாகத் தின்றுவிடும். நிலத்தை ஒரு அடியாவது உயர்த்திக்கொள்ளுங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட ஊருக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளே கல்லடுக்கிப் பலகை போட்டு, அதற்கு மேலே சாமான். பூட்டுப் போட்டுத் திறப்பை மாமியிடம் கொடுங்கள். ஒன்றையும் எறியாமலே அறையில் பாதி வெளிக்கும். திறப்பு அவர் கையில் இருக்கும்வரை அது அவருடைய இருப்புத்தான்.

தகரக் குவியலைக் கிளறும்போது கவனம். புடையனுக்கும் கட்டுவிரியனுக்கும் அதைவிட நல்ல இடம் கிடைக்காது, எலியும் அங்கேதான் இருக்கும். நல்ல வெயில் நேரத்தில், சப்பாத்துப் போட்டு, தடியால் தட்டிச் சத்தம் போட்டுவிட்டு, ஒவ்வொரு தகரமாகத் தூக்குங்கள். கையைக் கீழே விட்டு இழுக்கக் கூடாது. பிள்ளைகள் கிட்ட நிற்க வேண்டாம். கடித்துவிட்டால் வெட்டுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் செய்யாமல் நேரே ஆசுப்பத்திரி. கட்டுவிரியன் கடித்தால் சிலவேளை வலியோ வீக்கமோ தெரியாது, அதை நம்பிப் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. அப்புறம், குவியலுக்குள் என்னவென்று அடையாளம் தெரியாத இரும்புத் துண்டு ஏதும் கண்டால், அது வெடிக்காத குண்டாக இருக்கலாம், தொடாமல், அந்த இடத்தில் ஒரு அடையாளம் வைத்துவிட்டு, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பழைய இரும்பு விலைக்கு ஆசைப்பட்டு ஆள் போன கதைகள் வன்னியில் போதும்.

இனித் தறப்பாள். இதை மாமியும் நீங்களுமாக ஒரு காலமை முற்றத்தில் விரித்துப் பாருங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து நன்றாக இழுங்கள். இழை பிரிந்து கோடுகோடாகக் கிழிந்தால், அல்லது கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால், வெயில் அதைத் தின்றுவிட்டது. மழைக்கு அது நிற்காது. இதை நீங்கள் வாயால் சொல்ல வேண்டாம். இழுக்கும்போது அவர் கைக்கே தெரியும், தறப்பாளுக்குக் கீழே வருஷக்கணக்கில் படுத்தவருக்குத் தெரியாதா? நல்லதாக நிற்பதைக் காயவிட்டு, எலி புகாதபடி உரப்பைக்குள் போட்டுக் கட்டி மேல்தட்டில் வையுங்கள். இரண்டை எடுத்து நெல்லுக் காயப் போடவும் வைத்துக்கொள்ளலாம். பழுதானதில் பெரிய துண்டுகளை வெட்டினால் விறகுக்கு மூடி. மிச்சத்தை எரிக்க வேண்டாம், அந்தப் புகை பிள்ளைகளுக்குக் கூடாது. பிரதேச சபை வண்டி வரும் நாளில் கொடுங்கள்.

பேணிகளுக்கு "எறியட்டா மாமி?" என்று கேட்டால் "வேண்டாம்" என்ற பதில்தான் வரும். "பயற்றுக்கு எத்தனை வேணும், உளுந்துக்கு எத்தனை வேணும், கச்சான் விதைக்கு எத்தனை?" என்று கேளுங்கள். அவர் எண்ணுவார். மூடியுள்ளது விதைக்குப் போகும். மூடியில்லாததை என்ன செய்வதென்று அவரே யோசிப்பார். நான் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்: வெளியில் வாய் திறந்தபடி ஒரு பேணியோ பெட்டியோ தேங்காய்ச் சிரட்டையோ கிடக்கக் கூடாது. மழைத்தண்ணீர் தேங்கினால் ஒரு கிழமை, பத்து நாளில் டெங்கு நுளம்பு பறக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டாலும் முட்டை உள்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால் ஊற்றினால் போதாது, உரஞ்சிக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். மாமிக்குக் கழுவுகிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, இதை அவர் பொறுப்பிலேயே விடலாம்.

ஐஸ்கிறீம் பெட்டிகளுக்கு மூடி பொருந்துகிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கம்பளிகள் விஷயத்தில் மாமியோடு மினக்கெடாதீர்கள். கனடா மச்சாளுக்கு போன் எடுங்கள். மார்கழிப் பனிக்கு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு மிச்சத்தை முதியோர் இல்லத்துக்கோ அயலில் தேவையான ஆட்களுக்கோ கொடுக்கட்டுமா என்று கேட்டு, அந்தப் பதிலை அவரையே மாமியிடம் நேரே சொல்லச் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் நாள் முழுக்க வழக்கு, மகள் சொன்னால் அரை நிமிஷம். உலகம் அப்படித்தான். அடுத்த முறை வரும்போது கம்பளிக்குப் பதிலாகப் பிள்ளைக்கு மேசை விளக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லலாம். வீட்டில் சூட்கேஸ் ஏதும் வெறுமையாகக் கிடந்தால் வைத்துக்கொள்கிற கம்பளியை அதற்குள் போடுங்கள்.

இப்போது அந்த ட்ரங்குப் பெட்டி. துப்புரவுக் கணக்கில் இது சேராது, அறையில் ஒரு மூலை அதற்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கறையானை விட முடியாது. மாமியிடம் "இதைக் காப்பாற்ற வேணும், நீங்கள் திறவுங்கோ, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று கேளுங்கள். அவர் இன்றைக்கு வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம். பெட்டியைத் திறக்காமலே அதன் கீழ் நாலு செங்கல் வைத்துச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளலாம், கறையான் மண்கோட்டைத் தட்டிவிடலாம், அதற்கு அவர் மறுக்கமாட்டார். பிறகு திறக்கும் நாளில் உடுப்பை நிழலில் காற்றுப்பட விரித்துவிட்டு, அவர் மடித்த மாதிரியே மடித்து வையுங்கள். கேட்காமல் துவைத்துவிடாதீர்கள்.

கடுதாசிகளை நான் ஊகித்துச் சொல்கிறேன். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்தது, மனித உரிமைகள் ஆணைக்குழுக் கடிதம், ஆணைக்குழுக்கள் முன் சாட்சி சொன்ன துண்டுகள், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் கொடுத்தவை, ஒரு பாடசாலைப் புகைப்படம். இதில் ஒரு துண்டுகூட மேலதிகம் இல்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் வைத்து போனில் படம் எடுத்து மச்சாளுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். போட்டோக்கொப்பி ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும். அசலைத் தனித்தனிப் பொலித்தீன் உறையுள்ள கோப்பில் போடுங்கள். லமினேற் செய்ய வேண்டாம், அந்தச் சூட்டுக்குப் பழைய தாள் கெட்டுவிடலாம். இன்னொன்று: மரணச் சான்றிதழா, காணாமற்போனமைச் சான்றிதழா என்ற பேச்சு உங்கள் வீட்டில் எப்போதாவது எழும், ஏற்கெனவே எழுந்தும் இருக்கலாம். அந்தப் பேச்சைப் பெட்டி திறக்கிற நாளில் யாரும் எடுக்கக் கூடாது, கணவரும்தான்.

மற்றப் பத்திரங்களுக்கு, காணிப் பெர்மிட், வீட்டுத்திட்டக் கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் கிளினிக் கொப்பி எல்லாவற்றுக்கும், ஒரே பை. மாமியிடம் கேளுங்கள், அப்படி ஒரு பை ஏற்கெனவே இருக்கும். எங்கே தொங்குகிறது என்று அவருக்கு இருட்டிலும் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கணவரைப் பற்றி. "கதைக்காதை" என்றவர் அதோடு தப்ப முடியாது. அம்மாவோடு கதைக்க அவருக்குக் கஷ்டம் என்றால் சரி, இடம்பெயர்ந்தபோது அவரும் கூடவே நடந்தவர்தானே. ஆனால் தகரம் தூக்குவதும் தூண் நடுவதும் அவர் வேலை. இதுவும் சொல்கிறேன்: உங்கள் பட்டியலில் அவருடைய சாமான் ஒன்றுகூட இல்லை, நெல்லுச் செய்கிற வீட்டில் இல்லாமல் இராது. எரிந்துபோன தண்ணீர்ப் பம்பி, பழைய சைக்கிள், குறை மருந்துப் போத்தல்கள். போத்தல்கள் இன்றைக்கே பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கப்பட வேண்டும், சாப்பாட்டுச் சாமானோடு ஒரே தட்டில் அல்ல. வெறும் போத்தலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தாங்கிக்குள்ளேயே ஊற்றி வயலுக்கு அடித்துவிட்டு, யாரும் திரும்பப் பாவிக்காதபடி அடியில் துளை போடச் சொல்லுங்கள்.

எப்போது தொடங்குவது? காலபோக அறுவடை முடிந்து நெல்லு விற்ற பிறகு, சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்னால். அந்த நேரம் எப்படியும் வீடு கழுவுவீர்கள், யாருக்கும் வித்தியாசமாகப் படாது. ஆனால் மேசையை இப்போதே வாங்கி அறைக்குள் கொண்டுபோய் வையுங்கள், கதவடியில் நெருக்கிக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை. பேத்தி அதில் முழங்கை இடிக்க இருந்து எழுதுவதைக் கண்டால் மாமியே உரப்பைகளைத் தள்ளி அடுக்கத் தொடங்குவார். நீங்கள் போய் உதவ வேண்டாம், கூப்பிட்டால் போங்கள்.

பழைய இரும்பு, பிளாஸ்ரிக் வாங்குகிற லொறி வரும் நாளில் கதிரைகளையும் பம்பியையும் படலையடியில் வைத்துவிட்டு நீங்கள் குசினிக்குள் போய்விடுங்கள். விலையை மாமி பேசட்டும். காசும் அவர் முந்தானையிலேயே இருக்கட்டும்.