பரவிய மார்பகப் புற்றுநோயில் அறுவை சிகிச்சை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

"என் அம்மாவுக்கு மார்பில் கட்டி, எலும்புக்கும் பரவிவிட்டதாக வேலூரில் எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. கட்டியை எடுக்காமல் ஹார்மோன் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது." – குடியாத்தம் வாசகர்

கைவிடவில்லை, முறையான சிகிச்சையைத்தான் தொடங்கியிருக்கிறார்கள். வேரைத் தோண்டி எடுத்தால் மரம் பட்டுப்போகும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் எலும்பில் தங்கிவிட்ட புற்றணுக்கள் மார்பிலுள்ள கட்டியை நம்பி வாழ்வதில்லை. அவை தாமாகவே பெருகக்கூடியவை என்பதால், உடல் முழுவதும் சென்று சேரும் மருந்தே இங்கு முதன்மையாகிறது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இத்தகைய 350 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி, அறுவையும் கதிர்வீச்சும் பெற்ற பிரிவின் இடைநிலை ஆயுள்காலம் (பாதிப் பேர் இதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள்) 19.2 மாதங்கள், பெறாத பிரிவில் 20.5 மாதங்கள். இந்த எண்களை வைத்து அம்மாவின் ஆயுளைத் தயவுசெய்து கணக்கிட வேண்டாம். பலவகை நோயாளிகள் கலந்த ஆய்வு அது, ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படும் நோய் பொதுவாக மெதுவாகவே வளரும். 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்விலும், மூன்றாண்டு கழித்து உயிருடன் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 68.4 சதவீதம், மற்றதில் 67.9 சதவீதம். துருக்கி ஆய்வொன்று அறுவையால் ஆயுள் கூடியதாகக் கூறியது உண்மைதான். ஆனால் அதன் அறுவைப் பிரிவில் மெதுவாக வளரும் நோயுடையவர்கள் அதிகம் இடம்பெற்றிருந்ததால், அம்முடிவை எல்லோருக்கும் பொருத்த நான் தயங்குகிறேன்.

"அப்படியானால் மார்பில் அறுவை தேவையே இல்லையா? என் அக்காவுக்குக் கட்டி புண்ணாகி நீர் வடிகிறது. நாற்றத்துக்குக் கூசி யாரையும் அருகில் விடுவதில்லை." – ஆம்பூர் வாசகி

தேவைப்படும் இடம் இதுதான். மேற்சொன்ன அமெரிக்க ஆய்வில், மூன்றாண்டுக்குள் மார்புப் பகுதியில் நோய் முற்றியது அறுவை செய்யாதவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு. செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான். முதலில் மருந்தாலோ கதிர்வீச்சாலோ கட்டியைச் சுருக்கி, பிறகு தோலை மூடித் தைக்க இயலுமா என்று அறுவை மருத்துவர் பார்ப்பார். அதுவரை, மெட்ரோனிடசோல் மருந்தைப் புண்ணின் மேல் இட்டுக் கட்டினால் நாற்றம் வெகுவாகக் குறையும். மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுத் தொடங்குங்கள். அக்கா தனிமையில் கிடக்க வேண்டியதில்லை.

"கத்தி பட்டால் புற்று பரவும் என்கிறார்களே?" – வாலாஜாபேட்டை வாசகர்

பரவாது. கட்டியிலிருந்து ஊசியால் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் ஊசிப் பரிசோதனைக்கும் இது பொருந்தும். அதைத் தள்ளிப்போட்டால் எந்த மருந்து வேலை செய்யும் என்று அறியும் வழியே அடைபடும்.

"பீடி சுற்றும் என் மனைவிக்கு நோய் தொடையெலும்பிலும் முதுகெலும்பிலும் இருக்கிறது. சில நாட்களாகத் தரையில் உட்கார்ந்து எழும்போது தொடையில் வலி. மாத்திரையால் தீருமா?" – ஆற்காடு வாசகர்

உடல் எடையைத் தாங்கும்போது வரும் வலி, எலும்பு முறியப்போவதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முறிவதற்கு முன்பே கம்பி பொருத்திப் பிறகு கதிர்வீச்சு கொடுத்தால் நடமாட்டம் காப்பாற்றப்படும். அதுவரை தரையில் அமர வேண்டாம், ஊன்றுகோலுடன் நடக்கட்டும். கால்கள் மரத்துப்போனாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அது நள்ளிரவானாலும் காலைப் பேருந்துக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.