மூட்டு மாற்றுக்குப் பின் பிசியோதெரபி: கைக்காசா, இன்சூரன்ஸா?

அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டில் பிசியோதெரபி நடக்கிறது, அந்த பில்லை இன்சூரன்ஸ் கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது, திரும்ப அட்மிட் பண்ணி க்ளெய்ம் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கைக்காசு மிச்சமாகும் என்று அம்மாவைத் திரும்ப அட்மிட் பண்ணாதீர்கள். பிசியோதெரபிக்காக மட்டும் படுத்தால் க்ளெய்ம் கிடைக்காது. இப்படி மறுவாழ்வுச் சிகிச்சைக்காக (உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது) மட்டும் அட்மிட் ஆவது, பாலிசியின் விலக்குப் பட்டியலில், அதாவது பணம் தராதவற்றில், இருக்கும்.

மதுரையில் நடந்த ஆபரேஷனுக்கு க்ளெய்ம் பாஸாகிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் காரைக்குடியில் இப்போது கொடுக்கும் பணத்தை 'டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு' என்று கேட்கலாம். பல பாலிசிகளில் இதற்கு 60 நாள், சிலவற்றில் 90. வீட்டுக்கு வந்து செய்வதை ஏற்பார்களா என்று இன்றே மெயிலில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் பிசியோ பில் திரும்பி வந்ததற்குப் பெரும்பாலும் டாக்டர் சீட்டுதான் காரணம். 'பிசியோ தேவை' என்ற ஒற்றை வரி போதாது. எந்தக் கால், எத்தனை அமர்வு, எந்தத் தேதி வரை என்று ஆபரேஷன் செய்த டாக்டரே எழுத வேண்டும். பில்லில் தேதிவாரியாகத் தொகை, முத்திரை, கையெழுத்து வேண்டும். ஜிபே ஸ்க்ரீன்ஷாட் பில் ஆகாது.

அந்த 60 அல்லது 90 நாள் தாண்டிவிட்டதா? கைக்காசுதான். பிசியோதெரபிஸ்டைத் தினமும் வரச் சொல்லாமல் வாரம் இரண்டு முறை வரவழைத்து, மற்ற நாள் பயிற்சியை எழுதி வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் பற்றியும் கேளுங்கள். வீட்டிலேயே இலவசமாகச் செய்வார்கள்.

நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் திண்ணைப்படியும் நிலைப்படியும் உயரம். அங்கேயே பழக்கச் சொல்லுங்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால்.

செலவுக்குப் பயந்து முதல் சில வாரங்களில் நிறுத்திவிடாதீர்கள், மூட்டு இறுகிவிடும். கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் வந்தால் மட்டும் பயிற்சியை நிறுத்தி, தைலம் தேய்க்காமல், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம்.