வாசகர் கேள்வி – பதில்: வானொலி அலைகளும் வீட்டு வைஃபையும்

கேள்வி: எங்கள் வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வைஃபை ரவுட்டர் பாம் ஷெல்டருக்குள், அதாவது குண்டுவீச்சிலிருந்து காக்கும் பாதுகாப்பறைக்குள், இருக்கிறது. படுக்கையறையில் இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது. அதே அறையில் பழைய வானொலிப் பெட்டியில் ஒலி 96.8 பண்பலை நிலையம் கணீரென்று கேட்கிறது. எங்கோ தொலைவிலிருந்து வரும் அலை வீட்டுக்குள் நுழையும்போது, பக்கத்து அறை அலைக்கு என்ன தடை?
– வாசகி, செங்காங்

பதில்: 96.8 என்ற எண், அந்த நிலையத்தின் அலை விநாடிக்கு 9 கோடியே 68 லட்சம் முறை அதிர்கிறது என்பதைச் சொல்கிறது. விநாடிக்குப் பத்து லட்சம் அதிர்வுகளே ஒரு மெகாஹெர்ட்ஸ். விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பரவும் இந்த அலையின் நீளம் சுமார் 3.1 மீட்டர். உங்கள் ரவுட்டர் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் (ஒரு கிகாஹெர்ட்ஸ் ஆயிரம் மெகாஹெர்ட்ஸ்) ஆகிய அலைவரிசைகளில் இயங்கும். அந்த அலைகளின் நீளம் முறையே சுமார் 12.5 சென்டிமீட்டரும் 6 சென்டிமீட்டரும்தான். நீண்ட அலை கட்டடங்களின் விளிம்புகளில் வளைந்து சென்று சன்னல் வழியாகவும் உள்ளே வந்துவிடும். கான்கிரீட்டைக் கடக்கும்போதும் அது குறைவாகவே வலுவிழக்கும். அதிர்வெண் கூடக்கூட இந்த இழப்பும் கூடுகிறது. ஆற்றலிலும் பெரிய வேறுபாடு உண்டு: வானொலி நிலையத்தின் ஒலிபரப்பி ஆயிரக்கணக்கான வாட் அளவில் இயங்க, வீட்டு ரவுட்டர் பொதுவாக ஒரு வாட்டுக்கும் குறைவான ஆற்றலையே வெளியிடுகிறது.

பாம் ஷெல்டரின் சுவர்கள் மற்ற அறைச் சுவர்களைவிடத் தடித்தவை, கம்பி கட்டிய கான்கிரீட்டால் ஆனவை, கதவோ எஃகு. எஃகில் பட்ட அலை உள்ளேயே திரும்பிவிடும். எனவே ரவுட்டரை வெளியே கொண்டுவருவதே முதல் தீர்வு. கண்ணாடியிழை இணைப்பு ஷெல்டருக்குள்தான் வருகிறது என்றால், அங்கிருந்து ஒரு நெட்வொர்க் கேபிளை வரவேற்பறைக்கு இழுத்து, ரவுட்டரைத் தரையில் வைக்காமல் ஓர் உயரமான அலமாரியில் வையுங்கள். தொலைவிலுள்ள அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸையும், ரவுட்டர் இருக்கும் அறையில் வேகத்துக்காக 5 கிகாஹெர்ட்ஸையும் பயன்படுத்தலாம்.

அப்படியானால் வைஃபையையும் வானொலி போலத் தாழ்ந்த அலைவரிசையில் இயக்கினால் என்ன என்று தோன்றலாம். உலகின் பல நாடுகளில் பண்பலை வானொலிக்கென ஒதுக்கப்பட்டிருப்பது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது மொத்தம் 20 மெகாஹெர்ட்ஸ். வைஃபையின் ஒரே ஒரு சேனலுக்குக் குறைந்த அளவாக வேண்டிய அகலமும் அதே 20 மெகாஹெர்ட்ஸ்தான். பாட்டும் பேச்சும் அனுப்ப ஒரு நிலையத்துக்கு 0.2 மெகாஹெர்ட்ஸ் அளவு போதும். காணொளி பார்க்க அது போதாது. தாழ்ந்த அலைவரிசைகளில் அத்தனை இடம் இல்லாததால்தான் அதிகத் தரவை அனுப்பும் சேவைகள் மேலே மேலே போகின்றன. போகப்போக எட்டும் தூரம் சுருங்குகிறது. கைப்பேசி நிறுவனங்கள் நகரெங்கும் நெருக்கமாக ஆண்டெனாக்களை நிறுவுவதும் இதனால்தான்.

கேள்வி: இளமையில் சிற்றலையில் இலங்கை வானொலி கேட்டவன் நான். இன்றைய பண்பலை நிலையங்கள் மலாக்கா வரைகூடக் கேட்பதில்லையே, ஏன்?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. வளிமண்டலத்தின் மேற்பகுதியில், சூரியக் கதிர்களால் மின்னூட்டம் பெற்ற அயனி மண்டலம் இந்த அலைகளைப் பூமியை நோக்கித் திருப்பி அனுப்புகிறது. அலை மேலே போய்க் கீழே வந்து, தரையிலோ கடலிலோ பட்டு மறுபடி எழுந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்துவிடும். பகலில் அயனி மண்டலத்தின் அடியடுக்கு சிற்றலையின் தாழ்ந்த பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடுகிறது. இரவில் தொலைதூர நிலையங்கள் தெளிவாகக் கேட்டது உங்கள் நினைவில் இருக்கும். நம் கிராஞ்சியில் இருந்த பிபிசியின் சிற்றலை மறு ஒலிபரப்பு நிலையமும் இந்த இயல்பை நம்பியே ஆசியாவுக்கு ஒலிபரப்பியது. 2023இல் அது மூடப்பட்டது.

பண்பலையின் அதிர்வெண் அதைவிட உயர்ந்தது. அது பொதுவாக அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். ஆகவே ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து தொடுவானம் வரையிலும் அதற்குச் சற்று அப்பாலும்தான் அது கேட்கும். ஜொகூர் பாருவில் நம் நிலையங்களும், உட்லண்ட்ஸில் மலேசிய நிலையங்களும் கேட்பதற்கு அந்தத் தூரம் போதும். ஒன்றின் மேல் ஒன்று விழாதிருக்க சிங்கப்பூர், மலேசியா, புருணை ஆகிய நாடுகள் அலைவரிசை ஒதுக்கீட்டுக்கென ஒரு கூட்டுக் குழுவை வைத்துள்ளன. பலரும் அறியாத இந்தப் பணி இல்லாவிட்டால் எல்லையோர வீடுகளில் எந்த நிலையமும் ஒழுங்காகக் கேட்காது.

கேள்வி: 5ஜி அலை உடலின் அணுக்களைச் சிதைக்குமா?
– வாசகி, ஈசூன்

பதில்: சிதைக்காது. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் ஆற்றல் புற ஊதாக் கதிரின் உயர்ந்த பகுதியில்தான் தொடங்குகிறது. 5ஜி பயன்படுத்தும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை, நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிடவே ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. உடலில் அதன் அறியப்பட்ட விளைவு வெப்பம். அதற்குத்தான் பாதுகாப்பு வரம்புகள் விதிக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் தந்தையின் கைப்பேசியில் 4ஜி என்று எழுதியிருந்தும், 3ஜி நிறுத்தப்பட்ட பின் அழைப்பு மட்டும் போகவில்லை. நன்றாக இருந்த சேவையை ஏன் நிறுத்தினார்கள்?
– வாசகர், ஜூரோங்

பதில்: அலைக்கற்றையைப் புதிதாக உண்டாக்க முடியாது; பழைய சேவை காலி செய்தால்தான் புதியதற்கு இடம். சிங்கப்பூரில் 2017இல் 2ஜியும் 2024இல் 3ஜியும் விடைபெற்றது அதனால்தான். ஒரே அகலத்தில் 4ஜியும் 5ஜியும் 3ஜியைவிடப் பல மடங்கு தரவைக் கொண்டுசெல்கின்றன.

உங்கள் தந்தையின் கைப்பேசி இணையத்துக்கு மட்டும் 4ஜியைப் பயன்படுத்தி, குரல் அழைப்பு வந்தால் 3ஜிக்கு இறங்கும் வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அமைப்புகளில் 'வோல்டி' (VoLTE) என்ற, 4ஜி வழியாகவே குரல் அழைப்பை அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இயக்கிவிட்டு, கைப்பேசியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அந்த வசதி இல்லாத கைப்பேசி என்றால் தாமதிக்காமல் மாற்றிக் கொடுங்கள், ஏனெனில் அவசரத்துக்கு 995ஐ அழைக்கவும் அவருக்கு அதுதான் துணை.