2713-ஆம் அறையில் தொடங்கிய வியாபாரம்: மைக்கேல் டெல் பற்றிக் கேள்வி பதில்

சென்னை ரிச்சி தெருவில் பத்தொன்பது வருடம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்றவன் நான். டெல் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியைத் தொடங்கிய மைக்கேல் டெல்லின் இளமைக் காலத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

திருச்சி, பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர்: அண்ணா, காலேஜைப் பாதியில் விட்டதால்தான் அவர் இவ்வளவு பெரிய ஆளானாரா? நானும் அப்படி ஒரு யோசனையில் இருக்கிறேன்.

தம்பி, தேதிகளை வரிசையாக வைத்துப் பார். 1983-ல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பையன் டாக்டராக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய ஆசை. டோபி சென்டர் என்ற விடுதியில் 2713-ஆம் அறை. அங்கே அன்றைய பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியான ஐபிஎம்மின் பிசிகளை வாங்கிவந்து பிரித்து, கூடுதலாக ராமும் (மெமரி சிப்) ஹார்டு டிஸ்க்கும் போட்டு, ஊரில் இருந்த டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் விற்றார். 1984 ஜனவரி 2 அன்று, வகுப்பு தொடங்கும் முன்பே ஆஸ்டினுக்குத் திரும்பி, ‘பிசிஸ் லிமிடெட்’ என்ற பெயரைப் பதிவு செய்தார். உள்ளூர்ப் பேப்பரில் வரி விளம்பரம் கொடுத்தார். கொஞ்ச நாளிலேயே மாதத்துக்கு 50,000 முதல் 80,000 டாலர் வரை விற்பனை. அந்த மே மாதம் டெல் கம்பெனியை முறைப்படி தொடங்கினார். முதலாண்டுத் தேர்வை எழுதி முடித்துவிட்டுத்தான் படிப்பை விட்டார். அதுவும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் விட்டுவிட்டுத் திரும்பி வந்து சேர வழி இருந்தது. வியாபாரம் படுத்திருந்தால் மறுபடி வகுப்பில் போய் உட்கார்ந்திருப்பார்.

ஆகவே உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். போன மாதம் நீ பில் போட்டு, கைக்கு வந்த பணம் எவ்வளவு? அந்தக் கணக்கு நோட்டு உன்னிடம் இல்லாவிட்டால் காலேஜை விடாதே.

மதுரை, பள்ளி ஆசிரியை: என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி, அவர் சின்ன வயதில் செய்தது ஏதாவது உண்டா?

நிறைய உண்டு டீச்சர். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியும் அதுதான்.

பிறந்தது 1965-ல், ஹியூஸ்டன் நகரத்தில். பன்னிரண்டு வயதில் ஒரு சீன உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அதே வயதில் தபால்தலை சேர்க்கும் பழக்கமும் இருந்தது. ஏலக்காரர்கள் நடுவில் நின்று கமிஷன் எடுப்பதைக் கவனித்து, அக்கம்பக்கத்தாரின் தபால்தலைகளையும் சேர்த்து, ஒரே விரலால் டைப் அடித்துப் பன்னிரண்டு பக்கப் பட்டியல் தயாரித்தார். தபால்தலைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து நேராக விற்றார். 2,000 டாலர் கிடைத்தது. பின்னால் கம்ப்யூட்டரில் செய்ததும் இதே வேலைதான்.

பதினாறு வயதில் ‘ஹியூஸ்டன் போஸ்ட்’ நாளிதழுக்குச் சந்தா பிடிக்கும் வேலை. கம்பெனி ஒரு போன் நம்பர் பட்டியலைக் கொடுத்து, வரிசையாகக் கூப்பிடச் சொன்னது. கூப்பிட்டுக்கொண்டே இருந்தவருக்கு ஒன்று தட்டுப்பட்டது. சந்தா கட்டுகிறவர்களில் பலர் புதிதாகக் கல்யாணமானவர்கள் அல்லது புது வீட்டுக்குக் குடிவந்தவர்கள். டெக்சாஸில் கல்யாண உரிமம் வாங்க மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அங்கே தம்பதியின் முகவரி பதிவாகும். அதை யார் கேட்டாலும் காட்டுவார்கள். நண்பர்களைக் கூலிக்கு வைத்துச் சுற்றுவட்டார மாவட்டங்களில் எல்லாம் அந்த முகவரிகளை எழுதிவரச் செய்தார். அப்புறம் ஒவ்வொரு ஜோடிக்கும் பெயர் போட்டுக் கடிதம் போனது.

அந்த வருடம் பள்ளியில் வருமானவரிப் படிவம் நிரப்பும் பயிற்சி. இவர் 18,000 டாலர் என்று எழுதினார். தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டான் என்று நினைத்து ஆசிரியை திருத்தினார். நிஜமான தொகை அதுதான் என்று தெரிந்ததும் அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவருடைய சம்பளத்தைவிட அது அதிகம்.

பெயர் போடாதவர்: படிப்பை நிறுத்தும் தைரியம் அவருக்கு எப்படி வந்தது?

திருச்சித் தம்பிக்குச் சொன்னதைப் பாருங்கள். விற்பனை முதலில் வந்தது.

தஞ்சாவூர் வாசகர்: அப்பா பல் மருத்துவர், அம்மா பங்குத் தரகர். பணக்கார வீட்டுப் பிள்ளை ஜெயித்ததில் என்ன அதிசயம்?

வசதியான குடும்பம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. பதினைந்து வயதில் ஆப்பிள் II கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிப் போட எல்லாப் பையனாலும் முடியாது. ஆனால் கம்பெனிக்குப் போட்ட மொத்த முதலீடு 1,000 டாலர்தான். டெக்சாஸ் சட்டப்படி அப்போது தேவைப்பட்ட முதலீடே அவ்வளவுதான். வீட்டிலோ வியாபாரத்துக்கு எதிர்ப்பு. 1983 நவம்பரில் பெற்றோர் திடீரென்று ஆஸ்டினுக்கு வந்துவிட்டார்கள். விமான நிலையத்திலிருந்து போன் வந்ததும் கம்ப்யூட்டர்களை எல்லாம் அறைத்தோழனின் குளியல் தொட்டியில் கொண்டுபோய் மறைத்தார். அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும்? “உனக்கு என்னதான் செய்யணும்?” என்று கேட்டார். “ஐபிஎம்மோடு போட்டி போடணும்” என்றான் பதினெட்டு வயதுப் பையன். வியாபாரத்தை விடுவதாக அன்றைக்கு வாக்குக் கொடுத்தும் அதிக நாள் தாங்கவில்லை.

நெல்லை வாசகர்: சார், 40,000 ரூபாய்க்குள் நல்ல லேப்டாப் எது?

இங்கே வேண்டாம். பக்கத்தில் நல்ல கடைக்காரர் ஒருவரிடம் நேரில் கேளுங்கள்.

சேலம், 1990-களில் டீலராக இருந்தவர்: டெல் என்ன கண்டுபிடித்தார்? ஐபிஎம் உழைத்து உருவாக்கிய பெட்டியைக் கள்ளச் சந்தையில் வாங்கி விற்றார். எங்களைப் போன்ற டீலர்களின் பிழைப்பைக் கெடுத்தார். இதைப் போய்ச் சாதனை என்கிறீர்களே!

அண்ணாச்சி, கள்ளச் சந்தை என்ற வார்த்தையை நான் ஏற்கமாட்டேன். ஐபிஎம் தன் டீலர்களுக்கு மாதாமாதம் இத்தனை பெட்டி என்று ஒதுக்கியது. விற்காத பெட்டி டீலர் தலையில் விழுந்தது. அந்த டீலர்களே அடக்க விலைக்கு இவரிடம் தள்ளிவிட்டார்கள். திருட்டும் இல்லை, கடத்தலும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஐபிஎம் பிசியின் கடை விலை ஏறக்குறைய 3,000 டாலர். உள்ளே இருந்த பாகங்களைத் தனித்தனியாக வாங்கினால் 600, 700 டாலர்தான். டீலர் சுமார் 2,000-க்கு எடுத்து 3,000-க்கு விற்றார். அந்த 1,000 டாலருக்கு அவர் வாடிக்கையாளருக்கு என்ன செய்தார்? அன்றைக்கு அங்கே கடையில் நின்றவர்கள் பலருக்குக் கம்ப்யூட்டரே தெரியாது. பெட்டியைத் திறந்து பார்த்த பையனுக்குத் தெரிந்தது.

சேலம் டீலர்: அமெரிக்காவில் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மில்லில் மிஷின் நின்றால் நான்தான் ஸ்க்ரூடிரைவரோடு போவேன். போனில் ஆர்டர் எடுப்பவன் வருவானா?

நீங்கள் போயிருப்பீர்கள், சந்தேகமே இல்லை. நானும் அப்படிப் போனவன்தான். டெல் கம்பெனிக்காரர்களும் அந்த ஓட்டையை உணர்ந்தார்கள். முப்பது நாளில் பிடிக்காவிட்டால் பணம் வாபஸ், வாடிக்கையாளர் இடத்துக்கே ஆள் அனுப்பிப் பழுது பார்ப்பது எல்லாம் 1980-களிலேயே வந்துவிட்டன.

ஆனால் விஷயம் டீலர் நல்லவரா கெட்டவரா என்பதில்லை, சரக்கு எத்தனை நாள் கிடக்கிறது என்பது. 1996-ல் ராம் விலை சரிந்தது ஞாபகம் இருக்கிறதா? தீபாவளி சீசனுக்கு என்று முன்கூட்டியே ஒரு அட்டைப் பெட்டி நிறைய ராம் வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். காலையில் ஒரு விலை, சாயங்காலம் பக்கத்துக் கடையில் அதைவிடக் குறைவு. வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனது. பெட்டியைத் திறக்காமலே பாதிப் பணம் போய்விட்டது.

டெல்லுக்கும் இதே அடி 1989-ல் விழுந்தது. விலை உச்சத்தில் இருந்தபோது மெமரி சிப்களை அளவில்லாமல் வாங்கிக் குவித்தார்கள். விலை விழுந்தது, கூடவே அதிகக் கொள்ளளவுள்ள புதுச் சிப்பும் வந்துவிட்டது. வாங்கியதை அள்ளிக் கொடுத்துத்தான் தீர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் சரக்கு இருப்பைக் குறைப்பது அந்தக் கம்பெனிக்கு முதல் வேலையானது. 1990-களின் கடைசியில் கையிருப்பு பத்து நாள் சரக்குக்கும் குறைவு. ஆர்டரும் பணமும் முதலில் வரும், பெட்டி அப்புறம் உருவாகும், பாகம் கொடுத்தவருக்குப் பணம் அதற்கும் பிறகு. என்ன கண்டுபிடித்தார் என்று கேட்டீர்களே, இதைத்தான்.

கோவை மாணவி: டிராப் அவுட் ஆனவர்களுக்குத்தான் முதலீட்டாளர்கள் மதிப்புக் கொடுப்பார்களாமே சார்?

மூன்றாவது தடவை சொல்கிறேன் அம்மா. 1988-ல் டெல் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்து 3 கோடி டாலர் திரட்டியபோது வாங்கியவர்கள் பார்த்தது நாலு வருட விற்பனைக் கணக்கை. கணக்கு நோட்டு இல்லாமல் படிப்பை விடவேண்டாம்.

காஞ்சிபுரம் வாசகர்: ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை?

2007-ல் வந்தது. வேலை வாய்ப்பு பற்றி எனக்குக் கேள்வி அனுப்பவேண்டாம்.

சேலம் டீலர்: சரி, சரக்குக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டீலரே வேண்டாம் என்றவர் கடைசியில் கடைக்குத்தானே வந்தார்?

உண்மை. 1990-களின் தொடக்கத்தில் பெரிய கடைகளில் வைத்துப் பார்த்தார்கள், 1994-ல் விலகினார்கள், 2007-ல் மறுபடி வால்மார்ட் கடைகளுக்குள் போனார்கள். தொட்டுப் பார்த்து வாங்குகிற ஜனங்களுக்குக் கடை வேண்டும். இதில் நீங்கள் சொல்வதுதான் சரி.

சேலம் டீலர்: நானும் பத்தொன்பது வயதில் கடை போட்டவன். அந்த வயதில் ஆள் வைத்து வேலை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவர் எப்படிச் சமாளித்தார்?

நல்ல கேள்வி, அண்ணாச்சி. முதல் ஆபீஸ் ஆயிரம் சதுர அடி. ‘தயாரிப்புப் பிரிவு’ என்பது ஆறடி மேஜையில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்த மூன்று பேர். இவருக்குக் காலையில் எழுந்திருக்க முடியாது. கதவுச் சாவியோ இவரிடம் மட்டும். காலையில் வந்து பார்த்தால் இருபது, முப்பது பேர் வாசலில் காத்துக்கொண்டு நிற்பார்கள். ஒன்பதரைக்கு முன் ஆபீஸ் திறந்ததே அபூர்வம். அப்புறம் மெல்ல மெல்லத் திறக்கும் நேரம் முன்னேறி, கடைசியில் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டார்.

இன்னொரு நாள் ஒரு கஷ்டமான சிக்கலைத் தீர்க்க முயன்றுகொண்டிருந்தார். ஒரு பணியாளர் அறைக்குள் வந்து, காசு போட்டால் கோக் தரும் மிஷின் தன் காசை விழுங்கிவிட்டது என்று புகார் சொன்னார். இதை ஏன் என்னிடம் சொல்கிறாய் என்று கேட்டார் மைக்கேல். “அந்த மிஷின் சாவி உங்களிடம்தானே இருக்கிறது?” என்றார் அவர். அந்தச் சாவியும் அன்றோடு கைமாறியது.