இளைஞர்கள் குடித்துவிட்டு அடித்துக்கொள்வதை ஊர் சேர்ந்து குறைத்த இடம் எங்காவது உண்டா?

உண்டு. வேல்ஸின் தலைநகர் கார்டிஃப். சில வருடங்களாக நான் இங்கேதான் இருக்கிறேன்.

வெள்ளி, சனி இரவுகளில் செயின்ட் மேரி தெரு முழுக்க இளவட்டக் கூட்டம்தான். பப், கிளப் எல்லாம் அந்தப் பக்கமே வரிசையாக இருக்கின்றன. அடிதடியில் முகம் கிழிந்து வந்தவர்களுக்கு இங்கே தையல் போட்டுக்கொண்டிருந்த அறுவை சிகிச்சை நிபுணர் ஜோனதன் ஷெப்பர்ட், ஒன்றைக் கவனித்தார். ஆஸ்பத்திரிக்கு வரும் அடிதடிக் காயங்களில் பெரும்பகுதி போலீஸ் கணக்கிலேயே இல்லை. அடித்தவன் திரும்ப வருவானோ என்ற பயம், நாமும் கைநீட்டினோமே என்ற தயக்கம். நம் ஊர் ஜி.எச்.சில் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்பவர்களுக்கும் இதே கதைதான்.

1990களின் பிற்பகுதியில் ஆஸ்பத்திரி, போலீஸ், நகராட்சி மூன்றும் கைகோத்தன. அவசர சிகிச்சைப் பிரிவில் பெயர் பதிகிற ஊழியரே, அடிபட்டு வந்தவரிடம் கூடுதலாக நாலு கேள்வி கேட்பார். எந்த இடம், எந்தக் கடை, எத்தனை மணி, எதால் அடித்தார்கள். பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டுத்தான் அது போலீசுக்குப் போகும். எந்த முனையில், எந்த நேரத்தில் சண்டை மூள்கிறது என்று தெரிந்தால் போதும். அந்த நேரத்துக்கு அங்கே ரோந்து போகும். அடிக்கடி சண்டை நடக்கிற பப், கிளப் நடத்துபவரைக் கூப்பிட்டு லைசென்ஸ் பற்றிப் பேசுவார்கள்.

கண்ணாடி டம்ளர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். சாதாரண பீர் டம்ளர் உடைந்தால் கத்திதான். கார் ஜன்னல் போலத் துகளாக உதிரும் டஃபன்ட் கிளாஸுக்கு மாறலாம் என்று ஷெப்பர்ட் குழு 57 பார்களில் சோதித்துப் பார்த்தது. வந்த டம்ளர்கள் தரமில்லாமல் எளிதில் உடைந்து, ஊழியர்களின் கையில்தான் அதிகக் காயம். அந்த முடிவை மறைக்காமல் 2000-இல் வெளியிட்டு, தயாரிப்புத் தரத்தைச் சரிசெய்யச் சொன்னார்கள். இந்த நேர்மைக்காகவே இவர்கள் சொல்லும் மற்ற கணக்குகளையும் நான் நம்புகிறேன். இதே போன்ற பிற நகரங்களோடு ஒப்பிட்டால், அடிதடிக் காயத்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவது இங்கே 42 சதவீதம் குறைவு என்று 2011-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

அப்புறம், தொண்டர்கள். ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ் என்று 2003-இல் லண்டனில் சர்ச்சுகள் சேர்ந்து தொடங்கியது, இங்கேயும் உண்டு. பெரும்பாலும் நடுத்தர வயதுக்காரர்கள். ஹீல்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு தள்ளாடும் பெண்ணுக்கு ரப்பர் செருப்பு கொடுப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். டாக்சி வரிசையில் இரண்டு பையன்கள் முட்டிக்கொண்டு நின்றபோது, ஒரு அம்மா நடுவில் போய் ஆளுக்கொரு லாலிபாப் நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். வாயில் மிட்டாய் இருக்கும்போது கெட்ட வார்த்தை கத்துவது கஷ்டம். இருவரும் வாங்கிக்கொண்டார்கள்.

உங்கள் ஊரில் தொடங்க நினைத்தால், முதலில் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் போங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், கடந்த ஆறு மாதத்தில் அடிபட்டு வந்தவர்களின் இடமும் நேரமும் மட்டும் தொகுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள்.